மேஜை இன்னும் காயவில்லை

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் முழங்கையை ஊன்றும்போதெல்லாம் அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. யாரோ அட்டையை மடித்து அடியில் வைத்திருக்கிறார்கள், அதுவும் நசுங்கிப் போய்விட்டது. ஒரு சின்ன மரத்துண்டைச் சீவி அடித்தால் சரியாகிவிடும். என் வேலை இல்லைதான். ஆனால் இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டாவது மாடி. எனக்கு ஒரு அறை, அவளுக்கு ஒரு அறை, நடுவில் ஒரு கதவு. அக்கா புருஷன் போன பிறகு ஒரு பெட்டியோடு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். வருகிறவர்களின் மூக்கும் காதும்தான் என் உலகம். மாலையில் வீட்டுக்கு வந்தால் அக்கா இருப்பாள். அன்றைக்கு எந்தப் பிள்ளை பாலைவனத்தைக் கொண்டுபோய் எந்தக் கண்டத்தில் வைத்தது என்று சொல்லிச் சிரிப்பாள். இரவுச் சாப்பாடு அந்தச் சிரிப்போடுதான் முடியும். பெரிய வாழ்க்கை இல்லை. ஆனால் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. குளிர்காற்று, புகை, தூசி எதுவும் ஆகாது. இன்ஹேலர் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முதுகைத் தடவ வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு, கழுத்தில் போட்ட மாலையை நாற்காலியில் மாட்டிவிட்டு, காபி ஆற்றுவதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"குட்டி, நான் சுருட்டைகூடப் போய் இருக்கலாம்னு இருக்கேன்."

சுருட்டை என்பது அவளோடு படித்த தோழி, அவரும் டீச்சர்தான். தலைமுடி சுருட்டை, அதனால் அந்தப் பெயர். கடற்கரை ஊரில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே காற்று நல்ல காற்று, அக்காவின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளும் என்றாள். எல்லாம் நியாயம்தான். எத்தனை நாளாக இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

"நான்?" என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கென்னடி, லீவு போட்டுட்டு அப்பப்ப வா. ஒரு நாள் பயணம்தானே."

அதற்குப் பிறகு அவள் தன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேற எதுவும் வேணாம், அப்பாவோட மேஜைய மட்டும் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று மூன்று இழுப்பறை, கனத்த மரம். அப்பா இருந்தவரை அவருடையது, பிறகு அக்கா அதில் விடைத்தாள் திருத்தினாள். மேல்பலகை வளைந்து, வெடித்து, சிவப்பு மையும் தம்ளர் வட்டமுமாக இருந்தது. பெயின்ட் பல தலைமுறை அடித்தது. உரித்தால் ஒன்றின் அடியில் ஒன்று, பழுப்பு, பச்சை, சாம்பல். ஓர் இழுப்பறை பாதியில் சிக்கும், அதை இடுப்பால் தள்ளித்தான் மூட வேண்டும்.

"இப்படிப் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறதையா அவங்க வீட்டுக்குக் கொண்டு போவ? கொஞ்சம் பொறு. நான் சரி பண்ணித் தரேன்" என்றேன்.

அக்காவுக்குச் சந்தோஷம். என் கன்னத்தைத் தட்டினாள். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தச்சரைக் கூப்பிட்டு அளவு கொடுத்தேன். புது மேல்பலகைக்குத் தேக்கு, ஓரம் உருட்டி இழைத்தது. மற்ற வேலையை நானே செய்துகொள்கிறேன் என்றேன். அவர் அறையைப் பார்த்தார், அக்காவின் கட்டிலைப் பார்த்தார்.

"கீழ வண்டி நிறுத்துற இடத்துல வச்சுப் பண்ணலாமேம்மா. ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்து எறக்கித் தரேன். இங்க தேய்ச்சா வீடெல்லாம் தூசியாயிடும்."

"படியில முட்டி உடைஞ்சுட்டா?" என்றேன்.

"உடையாதும்மா. இது என்ன, அப்பளமா?"

நான் வேண்டாம் என்றுவிட்டேன். கனமான சாமான், குறுகலான படிக்கட்டு. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மரத்துக்குப் பெயின்ட் அடிப்பதில் பாதிக்கு மேல் தேய்ப்பதுதான் வேலை. முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் நைசு. அக்காவை என் அறைக்கு மாற்றிவிட்டு, அவள் அறையில் தேய்த்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். மாவு மாதிரி தூசி எழுந்து கொசுவலை வரைக்கும் படிந்தது. மறுநாள் அக்காவுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் நிற்கவே முடியவில்லை. அவள் போக வேண்டிய டிக்கெட்டை ரத்து செய்தோம்.

அது தற்செயல். அந்த முதல் தடவை தற்செயல்தான்.

நான் கடைக்கு லீவு சொன்னேன். அவள் என் கட்டிலில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அப்படியே தூங்கினாள். அவள் தலை என் கழுத்தில் இருந்தது. சிறு வயதில் நாங்கள் ஒரே போர்வையில் படுப்போம், அதற்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவள் இருந்ததில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். தலை வாரிவிட்டேன். சுருட்டை போன் செய்தபோது, "இப்ப பேச முடியாது, தூங்கறா" என்று நான்தான் சொன்னேன். என் கால் மரத்துப் போயிற்று. ஆனால் நான் அசையவில்லை. நான் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த நாட்களில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவளுக்குச் சரியாயிற்று. எழுந்து நடந்தாள், துணி மடித்தாள், மறுபடி போனில் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பேன். குழாயை மூடினேனா என்று பார்ப்பேன், பார்த்ததையே மறுபடி பார்ப்பேன். அக்கா அடுத்த அறையில் தடங்கல் இல்லாமல் மூச்சு விடுவது கேட்கும். நல்ல மூச்சு. அதைக் கேட்டபடியே மறுபடி எழுந்து நடப்பேன்.

அப்போதுதான் பெயின்ட் அடித்தேன். அக்கா கேட்டது வெளிர் நீலம். அடித்து முடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்தில் கண்ணீர் வடிந்த மாதிரி பெயின்ட் வழிந்திருந்தது. சின்னதுதான். இழுப்பறைக்குக் கீழே, குனிந்தால்தான் தெரியும். ஆனாலும் தெரியும் அல்லவா. அதனால் மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சன்னல்களைச் சாத்தி வைத்தேன். ஈரப் பெயின்ட்டில் தெருத் தூசி ஒட்டிவிடும். மின்விசிறியும் போடவில்லை, அதே காரணம்தான். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவை மட்டும் திறந்து வைத்தேன். கொஞ்சமாவது காற்றோட்டம் இருந்தால்தானே பெயின்ட் காயும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், எதிலும் தப்புச் சொல்ல முடியாது.

இந்தத் தடவை டாக்டரிடம் போனோம். அவர் அக்காவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வீட்டுல ஏதாவது புதுசா நடக்குதா? தூசி, புகை, வாடை மாதிரி?"

அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசினேன். "தெருவுல பள்ளம் தோண்டறாங்க டாக்டர். ஒரே புழுதி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் டாக்டருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தாள். நெஞ்சு தெளியும்வரை பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவளுக்குச் சாத்துக்குடி வாங்கினேன்.

மூன்றாம் தடவைக்கு என்ன காரணம் என்று கேட்டால், நிறம். நீலம் எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் ஒரு மாதிரி, விளக்கு வெளிச்சத்தில் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. உப்புத்தாளைக் கையில் எடுத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வரும். தோள் வலிக்கும், விரல் நுனி எரியும், உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அடங்கிவிடும். அக்கா கதவில் சாய்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஏன்டி, மறுபடியுமா? இப்படியே தேய்ச்சா மேஜை தேஞ்சு தீப்பெட்டி ஆயிடும். நான் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறிற்று. நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவளை உட்கார வைத்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்து, முதுகைத் தடவினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கொடுத்தேன். என்னைவிட நன்றாக அவளை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தச்சர் புது மேல்பலகையைக் கொண்டுவந்து பொருத்தியபோது, இழுப்பறை முகப்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "எத்தன தடவம்மா தேய்ச்சீங்க? முனையெல்லாம் மழுங்கிப் போச்சு" என்றார். பிறகு என் அறைப் பக்கம் பார்த்தார். அக்கா தலையணைகளை அடுக்கி வைத்துச் சாய்ந்திருந்தாள். "சன்னலத் தொறந்து விடுங்கம்மா, எனக்கே நெஞ்சக் கரிக்குது" என்று அவரே போய்த் திறந்தார். அவர் கீழே இறங்கும்வரை திறந்திருந்தது.

அக்காவின் உடம்பு அந்த வாரம் கொஞ்சம் தேறிற்று. ஏனென்றால் நான் கடைக்குப் போக வேண்டியிருந்தது, லீவு தீர்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நடுக்கதவு சாத்தியிருக்கும், அவள் பக்கத்துச் சன்னல் எல்லாம் திறந்திருக்கும்.

அதற்கு அடுத்து வந்த என் விடுமுறை நாளில் அவள் தன் அறையில் பெட்டியை விரித்து வைத்திருந்தாள். காலை வெயில் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"மத்தியானம் டாக்சி வருது குட்டி. மேஜை பின்னால வரட்டும். வரலைன்னாலும் பரவாயில்ல. சுருட்டைகிட்ட ஒரு மேஜை இருக்காம்."

"இன்னும் ஒரு வார்னிஷ்தான் பாக்கி. ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். சரியாகப் படிக்காத பிள்ளையின் விடைத்தாளைக் கையில் கொடுக்கும்போது அந்த முகம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியும்டி. ரெண்டாந்தடவ நீ எல்லாத்தையும் சுரண்டும்போதே தெரியும். டாக்டர்கிட்ட நீ பள்ளம் தோண்டறாங்கன்னு சொன்னியே, அப்ப நல்லாவே தெரிஞ்சுபோச்சு. போகட்டும், பாவம், கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவோம்னு நெனச்சேன். இனிமே முடியாது. என் உடம்பு தாங்காது."

"உனக்காகத்தானே எனக்கு வந்த சம்பந்தத்தைக்கூட வேணாம்னேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம், அந்தப் பேச்சை எடுப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அவள் பெட்டியோடு வந்த வருடம் எனக்கு ஓர் இடம் அமைந்திருந்தது. நல்ல மனிதர்தான்.

அக்கா மடியில் இருந்த புடவையை நீவிவிட்டாள்.

"நான் கேட்டேனா குட்டி?" என்றாள். "நான் கேக்கவே இல்லையே."

உண்மைதான். அவள் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

நான் எதிர்த்துப் பேசவில்லை. அழவும் இல்லை. அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் பெட்டியைக் கீழே வாசலில் கொண்டு போய் வைத்தேன். கைப்பையையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். பிறகு மேலே வந்து, கடையில் போடும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் அறையின் சன்னல்களைச் சாத்திவிட்டு, வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன்.

அவள் அலமாரியில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். "இப்பப் போயா?" என்றாள்.

"நீ கிளம்பறதுக்குள்ள முடிச்சுக் காட்டறேன். பார்த்துட்டுப் போ" என்றேன்.

அவள் மறுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. எனக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். தெரிந்தே நிற்கிற ஒருவரை நான் ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வீர்கள்?

புது மேல்பலகை வார்னிஷை உறிஞ்சியது. தேக்கின் ரேகை ஒவ்வொன்றாக மேலே வந்தது. தேன் ஊற்றினாற்போல் இருந்தது. டப்பாவில் வார்னிஷ் கெட்டியாக இருந்ததால் தின்னர் கலந்திருந்தேன். தேவைக்கு மேலேயே கலந்திருந்தேன். வாடை என் கண்ணையே கரித்தது. முதல் வரிசை முடிவதற்குள் அக்கா இருமினாள். இரண்டாவது வரிசையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இடம் இருந்தது, நான் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால்.

"பை... பை எங்கடி?" என்றாள்.

"கீழ இருக்கு. ஒரு நிமிஷம்."

வார்னிஷ் அடிக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். ஈரம் காய்வதற்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட வேண்டும். தூரிகையை நிறுத்தாமல் இழுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்று விசில் அடிக்கும். அதற்குப் பிறகு விசிலும் நிற்கும். விசில் நிற்பதுதான் ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். நான் ஓரம் வரைக்கும் அடித்து முடித்தேன். ஓரத்தில் சொட்டு நிற்காமல் துணியால் துடைத்தேன். தூரிகையைத் தின்னரில் போட்டேன்.

டாக்சிக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார். பிறகு மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். அவர்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார், உள்ளே வந்தபோது நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று. சரிதான். அதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் முடிந்திருந்தது. அவர் சத்தம் போட்டபோதுகூட நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவ்வளவு அமைதியாக இருந்தது.

இன்ஹேலரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அது பொய். நான் தேடவில்லை. கைப்பையைக் கீழே வைத்தபோதே அதிலிருந்து எடுத்துக்கொண்டேன், மேலே வந்து கோட்டை மாட்டியதும் கோட்டுப் பையில் போட்டேன். அங்கேயே நர்ஸ் அதை எடுத்தார், நீங்களும் பார்த்தீர்கள். அடிக்க ஆரம்பித்ததிலிருந்து முடிக்கும்வரை அது என் இடுப்பருகில்தான் இருந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் மேஜையின் விளிம்பில் இடித்தது. டாக்சி திரும்பிப் போகும்வரை அவளுக்கு முடியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். விசில் நின்றபோது, இந்த ஒரு டாக்சி போனால் மட்டும் போதாது என்றும் நினைத்தேன். இதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. சுருட்டையின் பெயரைச் சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்க்கவும் இல்லை. என் கோட்டுப் பையைப் பார்த்தபடியே கையைத் தூக்கினாள், விரல்கள் துணியில் பட்டன. நீங்கள் அதற்கு வேறு அர்த்தம் சொல்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் இருந்தவள் நான்தான். போகிறேன் போகிறேன் என்றவள், கடைசியில் கையை நீட்டியது என்னிடம்தான்.